சின்ன விரல்களுக்குத் தோதான சட்டை

ஜனவரியில் இரத்தோட்டைப் பக்கம் துவைத்துப் போட்ட துணி அன்றைக்கே காய்வதில்லை. வடகீழ்ப் பருவ மழை நக்கிள்ஸ் மலைத்தொடரில் வந்து இறங்கும் காலம் அது. எல்கடுவ, கம்மடுவ, றிவர்ஸ்டன் என்று மேட்டுப்பக்கம் முழுக்கப் பனிமூட்டமும் தூறலும் விட்டபாடில்லை. காலையில் கொடியில் போட்ட சட்டையை மாலையில் தொட்டுப் பார்த்தால் ஈரம் அப்படியே இருக்கும். ராத்திரி அது அடுப்புக்கு மேலே கட்டிய கம்பிக்குப் போகும். மறுநாள் புகை வாசத்தோடு பிள்ளையின் உடம்புக்கு வரும். நேர்சரிகள் புதுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வதும் வழக்கமாக இந்த ஜனவரியில்தான்.

மாத்தளை மாவட்டத்தில் மூன்று வயதுப் பிள்ளையை முதன்முதலாக நேர்சரிக்கு அனுப்பும் வீட்டில் உடுப்பைப் பற்றிய பேச்சு நிறையவே நடக்கிறது. என்ன கலர், என்ன விலை, போட்டோவில் எப்படித் தெரியும், அடுத்த லயத்துப் பிள்ளை என்ன போட்டுக்கொண்டு வரும் என்றெல்லாம் பேசுகிறார்கள். காலை எட்டு மணியிலிருந்து பகல் வரை அந்தச் சட்டைக்குள் இருக்கப்போகும் பிள்ளையால் அதை என்ன செய்ய முடியும் என்ற பேச்சு மட்டும் அபூர்வமாகத்தான் வருகிறது. தன் கையால் கழற்ற முடியுமா, மழையில் நனைந்தால் மாற்ற இன்னொன்று இருக்கிறதா, ஓடினால் கால் தடுக்காதா? இந்தக் கட்டுரை அந்தக் கேள்விகளைப் பற்றியது.

தோட்டக் குடும்பங்களில் உடுப்பு வாங்கும் பெரிய காலம் தீபாவளி. முற்பணம் கைக்கு வந்ததும் குடும்பமாக மாத்தளை டவுனுக்கு இறங்குவார்கள். அந்தப் பணம் பிறகு மாதாமாதம் சம்பளத்தில் பிடிபடும். கடையில் பெண் பிள்ளைக்கு நெட் கவுன் எடுப்பார்கள்: கல் பதித்தது, முதுகில் சிப் வைத்தது, உள்ளே நைலோன் துணி கொடுத்துப் பொம்மென்று நிற்பது. ஆண் பிள்ளைக்குக் கோட்டும் காற்சட்டையும் கழுத்தில் ஒரு போவும். “வளர்ற பிள்ளைதானே” என்று அளவில் ஒன்று கூட்டியும் எடுப்பார்கள். பண்டிகை முடிகிறது. இரண்டு மாதத்தில் நேர்சரி தொடங்கும்போது வீட்டில் இருக்கும் நல்ல உடுப்பு அது ஒன்றுதான். அதையே போட்டு அனுப்புகிறார்கள்.

இதில் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நாள் முழுக்கக் கொழுந்து பறிக்கும் ஒரு தாய், தன் பிள்ளை நான்கு பேர் முன்னால் நன்றாகத் தெரிய வேண்டும் என்று நினைப்பதில் பல தலைமுறையின் வலி இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளை என்று யாரும் குறைவாகப் பார்த்துவிடக் கூடாது என்ற பதைப்பு அது. ஆனால் அந்தக் கவுனின் முதுகுச் சிப்பை மூன்று வயதுப் பிள்ளையால் எட்டவே முடியாது. அவசரமாக மலசலகூடத்துக்குப் போக வேண்டும் என்று வரும்போது, அந்த அழகான உடுப்பு பிள்ளையை அழவைத்துவிடுகிறது.

மூன்று வயதுக் கை என்ன செய்யும் என்பதைப் பெரியவர்கள் மறந்துவிடுகிறோம். இரண்டரை வயது தாண்டினால் இடுப்பில் இலாஸ்டிக் வைத்த காற்சட்டையைக் கீழே இழுக்கப் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வந்துவிடும். மேலே இழுத்துவிட இன்னும் கொஞ்ச நாள் பிடிக்கும். பின்பக்கம் பாதியில் நின்றுவிடும். முன்பக்கம் உள்ள பெரிய பொத்தானை மூன்று வயதில் மெல்லக் கழற்றலாம், ஆனால் போட வராது. அது நான்கை ஒட்டித்தான் வரும். சிப்பின் அடி முனையைச் சேர்த்துப் பூட்டுவதும் சப்பாத்து நாடாவை முடிச்சுப் போடுவதும் அதற்கும் பிறகு, ஐந்து ஆறு வயதில். காற்சட்டை ஊக்கு, பெல்ட், தோளில் வார் மாட்டும் உடுப்பு ஆகிய எதுவும் நேர்சரிப் பிள்ளையின் விரலுக்கு எட்டாது.

நேர்சரியில் ஒரு டீச்சரும், கொடுத்து வைத்திருந்தால் ஓர் உதவியாளரும் இருப்பார்கள். ஒரு பிள்ளையின் பெல்ட்டை அவிழ்க்கும்போது இன்னொரு பிள்ளை வாசலைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும். “டீச்சர், ஒண்ணுக்கு” என்று சொல்லிவிட்டு ஒரு பிள்ளை காத்து நிற்கும் நேரம் மிகக் குறுகியது. அதற்குள் ஊக்கு அவிழாவிட்டால் காற்சட்டை நனைந்துவிடும். பெரியவர்களுக்கு அது துவைத்தால் போகும் விசயம். பிள்ளைக்கு அப்படி இல்லை. மற்றப் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள் என்பது அதற்குத் தெரியும். மறுநாள் காலையில் வயிற்று வலி என்று படுத்துக்கொள்ளும் பிள்ளைகளில் சிலருக்கு வலி வயிற்றில் இல்லை.

ஆகவே முதல் விதியாக ஒன்றைச் சொல்வேன்: பிள்ளை தானே கீழே இழுத்து, தானே மேலே இழுத்துக்கொள்ளக்கூடியதைப் போட்டு அனுப்புங்கள். இடுப்பு முழுக்க இலாஸ்டிக், வயிற்றில் அச்சு விழாத அளவுக்கு இளக்கமாக. பெண் பிள்ளைக்குக் கவுன் என்றால் முழங்கால் அளவோடு நிற்கட்டும். அதற்குக் கீழே இறங்கும் கவுன் குந்தும்போது ஈரத்தரையில் படும். புது உடுப்புக்கு ஒதுக்கிய காசில் ஒரு பகுதியை எடுத்து ஜங்கி கூடுதலாக வாங்குங்கள். யார் கண்ணிலும் படாத உடுப்பு அது. ஆனால் நேர்சரியின் முதல் மாதத்தில் அதிகம் தேவைப்படுவதும் அதுதான்.

பம்பஸ் கட்டி அனுப்புவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயத்தில் பல வீடுகளில் செய்கிறார்கள். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பர் வர்த்தமானியின்படி 1,350 ரூபா ஆனது. அந்த வருமானத்தில் தினமும் பம்பஸ் என்பது கட்டுப்படியாகாத செலவு. ஈரக்காற்றில் பகல் வரை அதைக் கட்டி வைத்தால் தொடை இடுக்கு சிவந்து புண்ணாகும். டிசம்பர் விடுமுறையிலேயே வீட்டில் பகல் நேரத்தில் ஜங்கியோடு விட்டுப் பழக்குங்கள். நனைப்பது வீட்டிலேயே நனைத்து முடியட்டும்.

ஒரே மாவட்டம், இரண்டு காலநிலை

மாத்தளை டவுன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 364 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து இரத்தோட்டை வழியாக றிவர்ஸ்டனுக்கு ஏறினால் காதை அடைக்கும் குளிர்காற்று. வடக்கே நாவுல தாண்டித் தம்புள்ளைக்கு இறங்கினால் ஏப்ரல் வெயிலில் தார் வீதியே கொதிக்கும். மாவட்டத்தின் மிக உயரமான சிகரங்களில் ஒன்றான கொம்பனியா 1,906 மீற்றர். அந்த மலைகளின் அடிவாரத்து லயத்தில் இருக்கும் பிள்ளைக்கும் கலேவெலயில் இருக்கும் பிள்ளைக்கும் ஒரே உடுப்பு சரிவராது.

மேட்டுப்பக்கத்தில் காலை ஏழரைக்குக் குளிர் நடுக்கும். பத்தரைக்கு வெயில் எறித்தால் வேர்க்கும். பெரும்பாலான அம்மாமார் தலைவழி மாட்டும் தடித்த ஸ்வெட்டரைப் போட்டு விடுகிறார்கள். வேர்க்கும்போது பிள்ளையால் அதைக் கழற்ற முடியாது. கைகள் இரண்டும் உள்ளே சிக்கி, முகம் மூடி, பயந்து கத்தும். முன்பக்கம் திறக்கிற, பெரிய பொத்தான் வைத்த ஸ்வெட்டர் இதற்கு மேல். உள்ளே ஒரு பருத்திப் பெனியன், அதன் மேல் பருத்திச் சட்டை, அதற்கு மேல் இந்த ஸ்வெட்டர். ஒவ்வொன்றாகக் கழற்றலாம். வேர்வையை உறிஞ்சும் பெனியன் உள்ளே இருந்தால் குளிரும் அண்டாது.

தம்புள்ளை, கலேவெலப் பக்கம் இதற்கு நேர்மாறு. மெல்லிய பருத்தி, கழுத்தில் கொஞ்சம் இறக்கம், உள்துணி எதுவும் வேண்டாம். நைலோன் உள்துணி வைத்த கவுனைப் போட்ட பிள்ளையின் முதுகைப் பகலில் திருப்பிப் பாருங்கள், வேர்க்குரு பரவியிருக்கும்.

இனி நுளம்பு. டெங்குவைப் பரப்பும் நுளம்பு பகலில் கடிப்பது. காலை வெயில் ஏறும் நேரத்திலும் பிற்பகல் சாயும் நேரத்திலும் அதிகம் கடிக்கும். நேர்சரிக்குப் போகும் நேரம் அதில் முதலாவது. 2017இல் இலங்கையில் 1,86,000க்கும் மேற்பட்டவர்கள் டெங்கு நோயாளிகளாகப் பதிவானதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வெளிர் நிறத்தில் கையும் காலும் மூடிய உடுப்பு என்று சுகாதாரத் துறை சொல்வது இதற்காகத்தான். ஆனால் முன்னால் சொன்ன நீளக் கவுனைப் போலவே நீளக் காற்சட்டையும் குந்து மலசலகூடத்தில் நனையும் அல்லவா? இரண்டும் மோதுகின்றன. என் தீர்மானம் இது: மழைக்குப் பிறகு நுளம்பு பெருகும் மாதங்களில் கணுக்கால் வரை வரும், இலாஸ்டிக் வைத்த, மெல்லிய தொளதொள காற்சட்டை போடுங்கள். மலசலகூடத்துக்குப் போகும்போது அதைப் பாதியில் நிறுத்தாமல் முழுதாகக் கழற்றிவிட்டுப் போக வீட்டில் பழக்குங்கள். கால் நுனியில் இறுக்கமான பட்டி இருந்தால் கழற்ற வராது என்பதால் அது வேண்டாம். மற்ற மாதங்களில் அரைக்காற்சட்டை போதும். தேயிலைக்குள் நடந்து வரும் பிள்ளைக்கு அட்டைக்கடியும் இருக்கிறது. வெளிர் நிற மேசு போட்டால் அட்டை ஏறுவது உடனே கண்ணில் படும்.

வயதைப் பார்த்து வாங்காதீர்கள்

கடையில் சட்டையின் கழுத்துப்பட்டியில் 2–3, 3–4 என்று வயது போட்டிருக்கும். மாத்தளைக் கடைகளில் தொங்குவதில் ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய சரக்கும் இருக்கிறது. அமெரிக்கப் பிள்ளைக்கும் ஐரோப்பியப் பிள்ளைக்கும் எடுத்த அளவு அது.

2016இல் நடந்த தேசிய குடிசனவியல், சுகாதார அளவீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 வீதமானோர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டத்துறையில் அது 31.7 வீதம். ஏறத்தாழ மூன்றில் ஒரு பிள்ளை. இந்த எண்ணை நான் உடுப்புக் கட்டுரையில் எழுதுவது சும்மா அல்ல. நான்கு வயது என்று போட்ட சட்டையை இந்தப் பிள்ளைக்குப் போட்டால் தோள் கழன்று கையில் விழும். கைநுனி தண்ணீரில் தோயும். காற்சட்டை மிதிபட்டுப் படியில் விழவைக்கும். போதாததற்கு அந்தப் பிள்ளைக்கும் தாய்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு குறை உணர்த்தப்படுகிறது. சட்டையில் போட்ட வயது எங்கோ எடுத்த சராசரி. அதற்கும் உங்கள் பிள்ளைக்கும் சம்பந்தமில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் உடம்பில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். கூட்டிக்கொண்டு போக முடியாவிட்டால் நன்றாகப் பொருந்தும் பழைய சட்டை ஒன்றைப் பையில் எடுத்துப் போங்கள்.

கழுத்து மட்டும் வேறு கணக்கு. மூன்று வயதுப் பிள்ளையின் தலைச்சுற்றளவு சுமார் 49 சென்ரிமீற்றர்; பெரியவர்களின் தலையை விட அது அதிகம் சிறியதல்ல. உடம்பு சிறுத்த பிள்ளைக்கும் தலை அந்த அளவுக்குச் சிறுப்பதில்லை. சின்ன அளவுச் சட்டை எடுத்தால் தலை நுழையாமல் காதைத் தேய்க்கும். கழுத்து நன்றாக இழுபடுகிறதா, இழுத்துவிட்டால் திரும்பச் சுருங்குகிறதா என்று கடையிலேயே பாருங்கள். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டையில் இந்தத் தொல்லை இல்லை.

வளர்ந்தாலும் போட வேண்டுமே என்ற கவலைக்கு நம் பாட்டிமாரிடம் பதில் இருந்தது. பாவாடையின் அடியில் இரண்டு மூன்று மடிப்பு வைத்துத் தைப்பார்கள். பிள்ளை வளர வளர ஒரு மடிப்பாகப் பிரித்து விடுவார்கள். இன்றைக்கும் காற்சட்டையின் கால்நுனியிலும் கவுனின் அடியிலும் இதைச் செய்யலாம். டவுனில் எந்த டெய்லரும் சில நிமிடத்தில் தைத்துத் தருவார். பெரிய சட்டையைத் தொங்கப்போட்டு அனுப்புவதை விட இது எவ்வளவோ மேல்.

கார்மென்ட் தாய்க்குத் தெரிந்தது

1992இல் ஆடைத் தொழிற்சாலைகளைக் கிராமங்களுக்குக் கொண்டுபோகும் 200 தொழிற்சாலைத் திட்டத்தை ஜனாதிபதி பிரேமதாச தொடக்கினார். அதற்குப் பிறகு மலைநாட்டுப் பெண்களிலும் ஏராளமானோர் கார்மென்ட் வேலைக்குப் போனார்கள். தோட்டத்தை விட்டு வெளியே வந்த ஒரு தலைமுறைக்கு அது முதல் சம்பளம். குழந்தைகள் உடுப்புத் தைக்கும் பிரிவில் வேலை செய்த தாய்க்கு, வேறு யாரையும் விட, ஒரு பிள்ளைச் சட்டையில் எது ஆபத்து என்று தெரியும்.

தொப்பி வைத்த மேலுடுப்பின் கழுத்தில் இழுகயிறு வைக்கக் கூடாது என்று அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணைக்குழு 1996இல் வழிகாட்டல் வெளியிட்டது. சறுக்குமரத்தில் கயிறு மாட்டிக் கழுத்து இறுகியும், பஸ் கதவில் கயிறு சிக்கி இழுபட்டும் பிள்ளைகள் இறந்த பிறகு வந்த வழிகாட்டல் அது. ஐரோப்பாவின் இ.என். 14682 என்ற தரவிதி 2004இல் வந்தது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையின் கழுத்துப் பகுதியில் கயிறே கூடாது என்கிறது. தொழிற்சாலையில் பொத்தானைக் கருவியில் மாட்டி இழுத்துப் பார்ப்பார்கள். பல வாங்குநர்கள் கேட்பது 70 முதல் 90 நியூட்டன் வரை, அதாவது ஏழிலிருந்து ஒன்பது கிலோ எடை தொங்கினாலும் பொத்தான் பிடுங்கப்படக் கூடாது. பெட்டியில் போகுமுன் ஒவ்வொரு சட்டையும் உடைந்த ஊசித்துண்டு இருக்கிறதா என்று பார்க்கும் இயந்திரத்தின் வழியாகப் போகும்.

எங்கோ இருக்கும் பிள்ளைக்கு இத்தனை காவல் போட்டுத் தைக்கும் கைகள், தங்கள் பிள்ளைக்குச் சந்தையில் வாங்கும்போதும் அதே சோதனையைச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. கருவி தேவையில்லை. பொத்தானை இரண்டு விரலால் பிடித்துப் பலமாக இழுங்கள். ஆடினால் வீட்டுக்குப் போய் முதல் வேலையாக மறுபடி தையுங்கள். பிள்ளை வாயில் போட்டு விழுங்கும் பொருட்களில் பொத்தானும் ஒன்று. ஒட்டிய கல், மணி, ஜிகினா அனைத்தும் ஒரு மாதத்தில் உதிரும். உதிர்ந்தது மூக்குக்கும் காதுக்கும் போகும். சட்டையை உள்பக்கம் திருப்பித் தையலை உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள். உங்களுக்கே உரசினால் பிள்ளைக்கு எரியும். மழைக்கோட்டின் தொப்பியில் கயிறு இருந்தால் உருவி எடுத்துவிடுங்கள். முச்சக்கரவண்டியிலும் வேனிலும் நேர்சரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு நீண்ட ரிப்பன், இடுப்பில் கட்டித் தொங்கும் நாடா, கழுத்தில் சுற்றும் துண்டு எதுவும் வேண்டாம்.

கழுத்துச் சங்கிலியும் தாயத்தும் இதே கணக்கில்தான் வரும். நம்பிக்கைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. கறுப்புக் கயிறு கட்டாயம் என்றால் அரையில் கட்டி ஜங்கிக்குள் இருக்கட்டும். கழுத்தில் வேண்டாம்.

காலுக்கு

இலங்கையில் ராக்பெல்லர் அறக்கட்டளையின் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை 1916இல் தொடங்கிய இடம் மாத்தளைத் தோட்டங்கள். வெறுங்காலின் தோலைத் துளைத்து உடம்புக்குள் போகும் அந்தப் புழு, இரத்தத்தை உறிஞ்சித் தோட்டத் தொழிலாளரைச் சோகையாக்கியது. காப்பி காலத்தில் மன்னாரில் இறங்கித் தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். செருப்பும் மலசலகூடமும் இல்லாத லய வாழ்க்கைக்கு அவர்கள் கொடுத்த விலை அது. இன்று நிலைமை வெகுவாக மாறிவிட்டது. ஆனாலும் மாத்தளை மண்ணில் பிள்ளையின் காலுக்கு ஏதாவது போட்டு அனுப்புங்கள் என்று சொல்லும்போது அதற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக் கதை இருக்கிறது.

நாடா வைத்த கறுப்புச் சப்பாத்து நேர்சரிக்கு ஆகவே ஆகாது. வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போவதும், விளையாடப் போகும்போது திரும்பப் போடுவதும் அடிக்கடி நடக்கும். ஒட்டும் பட்டி ஒன்று வைத்த, விரல் மூடிய, ரப்பர் அடியுள்ள செருப்புப் போதும். நனைந்தால் துடைத்துப் போடலாம். கன்வஸ் சப்பாத்து நனைந்தால் மேட்டுப்பக்கத்தில் மூன்று நாளைக்குக் காயாது. இடது வலது தெரியாத பிள்ளைக்கு ஒரு வழி: ஒரு பூப்பட ஸ்டிக்கரைப் பாதியாக வெட்டி, இரண்டு செருப்பின் உள்பக்கத்திலும் பாதிப் பாதியாக ஒட்டுங்கள். பக்கத்தில் வைத்துப் பூ சேர்ந்தால் சரியான கால்.

பிள்ளைமடுவத்திலிருந்து இங்கே வரை

தோட்டத்துப் பிள்ளைகள் வீட்டுக்கு வெளியே வளர்ந்ததற்கு நேர்சரியை விடப் பழைய வரலாறு உண்டு. பிரட்டுக்குப் போகும் தாய் விடியலிலேயே பிள்ளையைக் கொண்டுபோய் விடும் பிள்ளைமடுவம் அது. வரிசையாகப் பழைய சேலைத் தொட்டில்கள், பார்த்துக்கொள்ள ஓர் ஆயம்மா. நடக்கிற பிள்ளைக்குப் பெரும்பாலும் மேலே ஒரு சட்டை மட்டும். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போனபோது உருவான அமைப்புத்தான் இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று இருக்கிறது. பிள்ளைமடுவங்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் ஆயின; ஆயம்மாவின் இடத்துக்குப் பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்கள் வந்தார்கள். பாட்டும் படமும் விளையாட்டும் வந்தன. இது பெரிய முன்னேற்றம்.

முன்னேற்றத்தோடு சேர்ந்து வந்த ஒன்றைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை: மூன்று வயதுப் பிள்ளைக்குச் சீருடை, கழுத்துப்பட்டி, சப்பாத்து, மேசு. இலவசச் சீருடைத் துணி 1993இலிருந்து அரச பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது. நேர்சரிப் பிள்ளை அதில் சேராது. ஜனவரி 31க்குள் ஐந்து வயது பூர்த்தியாகி முதலாம் ஆண்டுக்குப் போகும் வரை செலவு முழுதும் பெற்றோர் தலையில். கழுத்துப்பட்டி கட்டிய படத்தை விளம்பரத்தில் போடும் நேர்சரிக்கு நல்ல பெயர் வரலாம். பிள்ளைக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை.

சீருடைக்கு ஆதரவாக ஒரு நியாயமான வாதம் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். நெட் கவுனும் சாயம் போன சட்டையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும்போது ஏற்றத்தாழ்வு பிள்ளைக்கே தெரியும். ஒரே உடுப்பு அதை மறைக்கும். சரி, அப்படியானால் ஒரே நிறத்தில் ஒரு பருத்தி டீ-சேர்ட்டும் இலாஸ்டிக் காற்சட்டையும் போதுமே. ஆணுக்கும் பெண்ணுக்கும் அதுவே. அண்ணனுடையதைத் தங்கைக்குப் போடலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் சீருடை, மற்ற நாள் வீட்டுச் சட்டை என்று வைத்தால் மழைக்காலத்தில் காய வைக்கவும் அவகாசம் கிடைக்கும். வர்ணம் பூசும் நாளில் அப்பாவின் பழைய சேர்ட்டை முன்பின்னாகப் போட்டுவிட்டால் எந்தச் சட்டையும் கெடாது.

முதல் நாளுக்குப் புது உடுப்பு வேண்டும் என்பது நம் வழக்கம். மூலையில் மஞ்சள் தடவி, சாமி கும்பிட்டு உடுத்துவது. அந்த ஆசையை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். அதற்குத் தனியாக ஒரு நாள் கொடுங்கள். விஜயதசமியிலோ தைப்பூசத்திலோ மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்கோ தோட்டத்துக் கோயிலுக்கோ கூட்டிப்போய் ஏடு தொடக்கும்போது அந்தப் பட்டுப்பாவாடையும் கவுனும் போடட்டும், போட்டோ எடுக்கட்டும், பாட்டி கண் நிறையப் பார்க்கட்டும். நேர்சரிக்குப் போகும் முதல் காலையில், பலமுறை துவைத்து மெத்தென்று ஆன, பிள்ளைக்குப் பழகிய சட்டையே நல்லது. புதுத் துணியில் கடைக் கஞ்சியும் சாயமும் இருக்கும். ஒருமுறையாவது துவைக்காமல் போட்டால் தோல் அரிக்கும். அம்மா இல்லாத இடத்தில், முன்பின் தெரியாத முகங்களுக்கு நடுவில், பழகிய துணியின் வாசமாவது பிள்ளையோடு போகட்டும்.

பையில் ஒரு மாற்றுச் சட்டை, காற்சட்டை, இரண்டு ஜங்கி, ஈரத்தை வைக்க ஒரு சொப்பிங் பேக். எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள். பிள்ளைக்குப் பெயர் வாசிக்கத் தெரியாது. ஆகவே கழுத்தின் உள்பக்கத்தில் கலர் நூலால் ஓர் அடையாளம் தைத்துவிடுங்கள், ஒரு பூவோ ஒரு பெருக்கல் குறியோ. தன்னுடையதைத் தானே எடுத்துக்கொள்ளும்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மாத்தளை மலைப்பகுதியை எப்படிச் சிதைத்தது என்பதை எல்லோரும் அறிவோம். கம்மடுவவில் ஒரே நாளில் 500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியது. இப்படிப்பட்ட வேளைகளில் உடுப்புச் சேர்த்து அனுப்பும் நல்லவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெரியவர்களின் சேலைக்கும் சேர்ட்டுக்கும் நடுவில் இரண்டிலிருந்து ஐந்து வயது வரையான அளவுகளில் புது ஜங்கி, பெனியன், இலாஸ்டிக் காற்சட்டை, சின்னச் செருப்பு ஆகியவற்றையும் வையுங்கள். அளவு எழுதித் தனிப் பொதியாகக் கட்டுங்கள். எல்லாம் இழந்த வீட்டுப் பிள்ளை மறுபடி நேர்சரிக்குப் போவதற்கு இந்தச் சின்னப் பொதி தேவைப்படும்.

நேர்சரி டீச்சர்மாரிடமும் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. பிள்ளைக்கு என்ன உடுப்பு வேண்டும் என்று பெற்றோருக்குச் சொல்லும் கூட்டம் பெரும்பாலும் நேர்சரி தொடங்கும் வாரத்தில் நடக்கிறது. அதற்குள் முற்பணம் கவுனாகவும் கோட்டாகவும் மாறிப்போயிருக்கும். அந்தக் கூட்டத்தை ஒக்டோபருக்கு, தீபாவளிக்கு முன்னால் கொண்டு வாருங்கள். ஒரு பக்கத் தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள். கூடவே ஒரு இலாஸ்டிக் காற்சட்டையையும் முன்பொத்தான் ஸ்வெட்டரையும் கையில் எடுத்துக் காட்டுங்கள். பணம் கையில் இருக்கும்போது அந்தத் தாய்க்கு இது தெரிந்திருந்தால், கவுனோடு சேர்த்து ஜங்கியும் வாங்குவார்.